சினைப்பைக் கட்டி: ஊசியால் குத்திப் பார்க்காதது ஏன், திசு சொல்வது என்ன

சினைப்பையில் கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “முதல்ல ஊசி போட்டு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?” நியாயமான கேள்வி. மார்பகக் கட்டிக்கும் தைராய்டு கட்டிக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். முதலில் ஊசி, அடுத்து ரிப்போர்ட், அதற்குப் பிறகே ஆபரேஷன் பற்றிய பேச்சு. சினைப்பை என்று வரும்போது மட்டும் டாக்டர் மறுக்கிறார். கட்டியை முழுதாக எடுத்த பிறகுதான் அது என்ன என்று சொல்ல முடியும் என்கிறார். புற்றா இல்லையா என்றே தெரியாமல் வயிற்றைத் திறப்பதா என்று கேட்பவர் மனம் பதறுகிறது.

இந்த வரிசை மாற்றத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. அது புரிந்தால், ஆபரேஷனுக்கு முன்பு எதைக் கேட்க வேண்டும், பின்பு எதைக் கைநழுவ விடக் கூடாது என்பதும் புரியும்.

முதலில் ஒரு ஆறுதல். எல்லாச் சினைப்பை நீர்க்கட்டிக்கும் திசுப் பரிசோதனை தேவையில்லை. மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு மெல்லிய சுவருடன், உள்ளே தெளிந்த நீர் மட்டும் கொண்ட, 5 செ.மீ.க்குக் குறைவான கட்டி தெரிந்தால் அது பெரும்பாலும் அந்த மாதத்துச் சினைமுட்டைப் பை. இரண்டு மூன்று சுழற்சிக்குள் தானாகவே சுருங்கிவிடும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஸ்கேனில் வரிசையாகத் தெரியும் சின்னச் சின்னப் பைகளும் கட்டிகள் அல்ல. அவற்றை யாரும் வெட்டி லேபுக்கு அனுப்ப மாட்டார்கள். நாம் பேசுவது மற்றவற்றைப் பற்றி: கரையாமல் நிற்பவை, வளர்பவை, உள்ளே தடுப்புச் சுவரோ சதைப் பகுதியோ தெரிபவை, மாதவிலக்கு நின்ற பிறகு வருபவை.

இந்தக் கட்டிகளை ஊசியால் குத்தத் தயங்குவது ஏன்? மார்பகக் கட்டியைச் சுற்றிக் கொழுப்பும் தோலும் இருக்கின்றன. ஊசி போட்டாலும் உள்ளே இருப்பது வேறெங்கும் சிந்துவதில்லை. சினைப்பைக் கட்டிக்கு இருப்பது ஒரு மெல்லிய உறை மட்டுமே. அதற்கு வெளியே குடல், கல்லீரலின் மேற்பரப்பு, உதரவிதானம் என வயிற்றறை முழுவதும் திறந்து கிடக்கிறது. உள்ளே இருப்பது புற்றாக இருந்து, ஊசித் துளை வழியே நாலு துளி கசிந்தால், அந்த அணுக்கள் எங்கு வேண்டுமானாலும் ஒட்டி வளரலாம்.

இந்தக் கசிவு நோயின் நிலையையே மாற்றிவிடுகிறது. மகளிர் மருத்துவ வல்லுநர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ 2014இல் திருத்திய நிலைப் பகுப்பின்படி, உறை சிதையாமல் ஒரே சினைப்பைக்குள் அடங்கிய புற்று 1ஏ. அதே கட்டி ஆபரேஷனின்போது கிழிந்து சிந்தினால் 1சி1. ஏற்கெனவே உடைந்திருந்தால் 1சி2. வயிற்று நீரில் புற்றணுக்கள் இருந்தால் 1சி3. கட்டியின் வகையைப் பொறுத்து, ஆபரேஷனோடு முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை கீமோதெரபி வரை நீள இந்த ஒரு படி மாற்றமே போதும். 2001இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, முதல் நிலைப் புற்றுள்ள 1,545 பெண்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. நோய் திரும்பாமல் வாழ்வதைத் தீர்மானித்தவற்றில் முதலிடம் அணுக்கள் எந்த அளவுக்கு உருமாறியிருந்தன என்பதற்கு. அதற்கு அடுத்தபடியாக வந்தது, கட்டி ஆபரேஷனுக்கு முன்போ ஆபரேஷனின்போதோ உடைந்ததா என்பது. அறுவை நிபுணர்கள் கட்டியைப் பொத்திப் பொத்தி எடுப்பதும், லேப்ராஸ்கோப்பியில் பைக்குள் போட்டு வெளியே கொண்டுவருவதும் இதனால்தான்.

கசிவு என்ற ஆபத்தே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஊசியில் வரும் நீரை நம்ப முடியாது. புற்று இருப்பது சுவரில். நீரில் அணுக்கள் உதிர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீரைப் பார்த்து “புற்றணு இல்லை” என்று வரும் ரிப்போர்ட், சுவரில் இருக்கும் புற்றைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. அந்தப் பொய்யான நிம்மதியில் கழியும் மாதங்கள் விலைமதிப்பற்றவை. சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய சி.ஏ.125 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் இந்த இடத்தை நிரப்பாது. 35 அலகுக்கு மேல் போனாலே பயப்படுகிறார்கள்; ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலத் திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு, கர்ப்பம், மாதவிலக்கு நாட்கள், காசநோய் எல்லாவற்றிலும் அது ஏறும். முதல் நிலைப் புற்றில் ஏறாமலே இருப்பதும் உண்டு.

ஊசி கூடாது என்ற விதிக்கு ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. நோய் ஏற்கெனவே வயிறு முழுக்கப் பரவியிருந்தால், சிந்திவிடும் என்று அஞ்ச எதுவும் மிச்சமில்லை. வயிற்றில் நீர் கோத்து, குடலுக்கு முன்னால் தொங்கும் ஓமெண்டம் என்ற கொழுப்புப் படலம் தடித்துப் போயிருக்கும் பெண்களுக்கு, முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷன் செய்வது இன்று பரவலான வழி. கீமோவைத் தொடங்கும் முன் ஸ்கேன் உதவியுடன் அந்த ஓமெண்டத்திலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். திசு எடுக்கவே முடியாத நிலையில் மட்டும், வயிற்று நீரில் புற்றணுக்களைக் கண்டு, சி.ஏ.125 அளவு, பெருங்குடல் போன்ற புற்றுகளில் ஏறும் சி.இ.ஏ. என்ற இன்னொரு ரத்தப் புரதத்தின் அளவைப் போல 25 மடங்குக்கு மேல் இருக்கிறதா என்றும் பார்த்து முடிவெடுக்கலாம்.

கீமோவுக்கு முன் திசு எடுத்தே ஆக வேண்டும் என்ற இந்த விதியை நம் நாட்டில் தளர்த்தவே கூடாது என்பேன். காரணம் காசநோய். வயிற்றறையில் வரும் டி.பி., சினைப்பைப் புற்றின் முகத்தை அப்படியே போட்டுக்கொண்டு வரும். வயிற்றில் நீர், எடை குறைவு, சினைப்பையை ஒட்டிக் கட்டி, தடித்த ஓமெண்டம், எகிறிய சி.ஏ.125 எல்லாம் அதிலும் உண்டு. ஸ்கேனைப் பார்க்கும் அனுபவசாலிக்கே தடுமாற்றம் வரும். லேப்ராஸ்கோப்பியில் கேமரா வைத்துப் பார்த்தால்கூட, பரவிக் கிடக்கும் வெள்ளைப் புள்ளிகள் புற்று விதைகள் போலத்தான் தெரியும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தவுடன் கதை மாறுகிறது: புற்றணுவைக் காணோம், சிதைந்த மையத்தைச் சுற்றிக் கூடி நிற்கும் பாதுகாப்பு அணுக்கள், நடுவே பல கருக்கள் கொண்ட ராட்சத அணுக்கள். சினைப்பை, கருப்பை, ஓமெண்டம் எல்லாவற்றையும் இழந்திருக்க வேண்டிய இளம்பெண், ஆறு மாத டி.பி. மாத்திரையோடு குணமாகி வீடு திரும்புகிறாள். மிளகளவு திசு தரும் பலன் இது.

பரவாத கட்டிக்கு வருவோம். கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, வயிறு திறந்திருக்கிறது, பெண் மயக்கத்தில் இருக்கிறார். இப்போது அறுவை நிபுணருக்கு உடனடியாகப் பதில் வேண்டும். சாதாரணக் கட்டி என்றால் இத்தோடு தையல் போட்டு முடிக்கலாம். புற்று என்றால் நிணநீர் முடிச்சு, ஓமெண்டம், வயிற்றறையின் பல இடங்கள் எனத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எடுத்த திசுவை உடனே உறைய வைத்துச் சீவிப் பார்ப்பதே இதற்கான வழி, அதன் பெயர் ஃப்ரோசன் செக்‌ஷன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் மேயோ கிளினிக்கில் 1905இல் லூயி வில்சன் என்ற பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் மருத்துவர்) இதை அன்றாட நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நோயாளி மேசையில் இருக்கும்போதே விடை வேண்டும் என்று வில்லியம் மேயோ கேட்டதற்காகத் தொடங்கிய முயற்சி அது. உறைய வைக்க அவருக்கு முதலில் கைகொடுத்தது ஜன்னலுக்கு வெளியே இருந்த பனிக்காலக் குளிர்.

இன்று கிரையோஸ்டாட் என்ற கருவி அந்த வேலையைச் செய்கிறது. கட்டி, திசுவைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் படாமல் பச்சையாகவே தியேட்டரிலிருந்து லேபுக்கு வர வேண்டும். பேத்தாலஜிஸ்ட் முதலில் வெளிப்புறத்தைப் பார்க்கிறார்: உறை முழுசாக இருக்கிறதா, எங்காவது கிழிசலா, மேலே முளைகள் உண்டா? பிறகு திறக்கிறார். வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வழிந்து, உட்சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் பாதி நிம்மதி. விரலில் ஒட்டும் பசை போன்ற திரவம் என்றால் மியூசினஸ் வகை. பழைய ரத்தம் தேங்கிய பழுப்புக் குழம்பு என்றால் எண்டோமெட்ரியோசிஸ் தரும் சாக்லேட் சிஸ்ட். எண்ணெய்ப் பசையோடு முடிக்கற்றை, சில வேளை முழுப் பல், வந்தால் டெர்மாய்டு. கண்ணாலும் விரலாலும் தடவிப் பார்த்து, சந்தேகமான சதைப் பகுதியாக ஓரிரு துண்டுகளைத் தேர்ந்து, மைனஸ் 20 டிகிரி வாக்கில் உறைய வைத்து, 5 மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் போட்டுப் பார்க்கிறார். 20, 30 நிமிடங்களில் தியேட்டருக்குப் போன் போகிறது: “பினைன்” (சாதாரணக் கட்டி), “மாலிக்னன்ட்” (புற்று), “பார்டர்லைன்” (இரண்டுக்கும் நடுவே), அல்லது “பாராஃபின்ல பாத்துதான் சொல்லணும்” (மெழுகில் பதித்துச் செய்யும் இறுதிப் பரிசோதனைக்குப் பிறகே தெரியும்).

அந்தப் போன் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம்? 38 ஆய்வுகளில் இருந்த 11,181 பெண்களின் முடிவுகளைத் திரட்டிய காக்ரேன் ஆய்வு 2016இல் வந்தது. புற்று என்று ஃப்ரோசனில் சொன்னால் இறுதி ரிப்போர்ட்டிலும் சுமார் 99 விழுக்காடு அதுவே. சாதாரணக் கட்டி என்றால் 94 விழுக்காடு. பார்டர்லைன் என்று சொன்னவற்றில் மட்டும் 21 விழுக்காடு கடைசியில் புற்றாக முடிந்தது. இதற்குப் பேத்தாலஜிஸ்ட்டின் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது தவறு. பார்டர்லைன் என்பது அணுக்கள் பெருகி, அடுக்கடுக்காக ஏறி நின்றும், கீழேயுள்ள திசுவுக்குள் இன்னும் ஊடுருவாத நிலை. ஊடுருவல் எங்குமே இல்லை என்று சொல்ல, எங்கும் பார்த்திருக்க வேண்டும். 25 செ.மீ. மியூசினஸ் கட்டியில் ஓரிரு துண்டுகளைப் பார்த்துவிட்டு அதைச் சொல்வது, பலாப்பழத்தில் இரண்டு சுளையைத் தின்றுவிட்டு மீதிச் சுளை எதிலும் அழுகல் இல்லை என்று சத்தியம் செய்வதற்குச் சமம்.

அதனால் என் கருத்து இது: குழந்தை பெற வேண்டிய வயதில் இருக்கும் பெண்ணுக்கு ஃப்ரோசன் விடை தெளிவில்லாமல் வந்தால், பாதிக்கப்பட்ட சினைப்பையோடு நிறுத்திக்கொள்வதே சரி. இறுதி ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தால் இரண்டாவது ஆபரேஷன் செய்யலாம். சந்தேகத்தின் பேரில் எடுத்துவிட்ட கருப்பையைத் திருப்பி வைக்க வழியில்லை. பதின்பருவத்திலும் இருபதுகளிலும் வரும் சினைப்பைப் புற்றுகளில் பல, முட்டை அணுவிலிருந்து பிறப்பவை. அவற்றில் டிஸ்ஜெர்மினோமா போன்றவை கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். மறு சினைப்பையையும் கருப்பையையும் காப்பாற்றிவிட்டே குணப்படுத்தலாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், ஃப்ரோசன் வசதி உண்டா, அதில் தெளிவில்லை என்றால் எதுவரை எடுப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இறுதி ரிப்போர்ட் வரத் தாமதம் ஏன் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஃபார்மலின் திசுவுக்குள் ஊறவே மணிக்கணக்கில் ஆகும். பெரிய கட்டி என்றால் ஓர் இரவுக்குக் குறையாது. பிறகு ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று படிப்படியாக நகர்ந்து, ஒவ்வொரு துண்டும் மெழுகு பிளாக்காக மாறி, அதிலிருந்து 3, 4 மைக்ரான் தடிமனில் சீவி, ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயம் ஏற்ற வேண்டும். டெர்மாய்டில் பல்லோ எலும்போ இருந்தால் சுண்ணாம்பைக் கரைக்கவே தனியாக நாட்கள் தேவை. எத்தனை துண்டு எடுப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. கட்டியின் ஒவ்வொரு செ.மீ.க்கும் குறைந்தது ஒரு பிளாக், 10 செ.மீ.க்கு மேற்பட்ட மியூசினஸ் கட்டி என்றால் செ.மீ.க்கு இரண்டு. அந்த 25 செ.மீ. கட்டிக்கு 50 பிளாக். அத்தனை ஸ்லைடையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சினைப்பை அளவுக்கு விதவிதமான கட்டிகளைப் பெறும் உறுப்பு உடலில் குறைவு. மேற்பரப்பு அணுக்களிலிருந்து வருபவை ஒரு குடும்பம்; சினைப்பைப் புற்றில் பத்தில் ஒன்பது பங்கு இதைச் சேர்ந்தது. முட்டை அணுவிலிருந்து வருபவை இன்னொன்று. ஹார்மோன் சுரக்கும் திசுவிலிருந்து வருபவை மூன்றாவது. இந்த மூன்றாவது குடும்பத்தின் கிரானுலோசா செல் கட்டி, அணுக்கருவில் காப்பிக் கொட்டையின் நடுக்கோடு போன்ற பள்ளத்துடன் தெரியும். மெதுவாக வளர்ந்து, எடுத்து இருபது ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது. பெரியவர்களுக்கு வரும் இந்தக் கட்டியில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருப்பது 2009இல் தெரியவந்தது.

நாலாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அவை சினைப்பையில் பிறந்தவையே அல்ல. வயிறு, குடல், கணையம், மார்பகம் ஆகியவற்றில் பிறந்து இங்கே வந்து குடியேறியவை. 1896இல் ஃபிரீட்ரிக் குரூக்கன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் சினைப்பையில் ஒரு புதுவகைப் புற்றைக் கண்டு எழுதினார். அவர் அது சினைப்பையிலேயே தோன்றியது என்று நம்பினார். வேறிடத்திலிருந்து, பெரும்பாலும் இரைப்பையிலிருந்து, வந்தது என்பது 1902இல்தான் தெளிவானது. இன்றும் அது குரூக்கன்பெர்க் கட்டி என்றே அழைக்கப்படுகிறது. அணுவுக்குள் சளி நிரம்பி, கரு ஓரமாக ஒதுங்கி, முத்திரை மோதிரம் போல் தெரியும். இரண்டு பக்கமும் கட்டி, அளவில் சிறியது, மேற்பரப்பில் முடிச்சுகள் என்று இருக்கும் மியூசினஸ் புற்றைப் பார்த்தால், இது வந்தேறியோ என்ற சந்தேகம்தான் பேத்தாலஜிஸ்ட்டுக்கு முதலில் எழும். வயிறு முழுக்க ஜெல்லி நிறைந்திருந்தால், கட்டி அங்கிருந்து வந்ததோ என்று குடல்வாலைத் தேடுவார். “அம்மாவுக்கு ஆறு வருஷம் முன்னாடி குடல்ல ஆபரேஷன் ஆச்சு” என்ற ஒரு வரி லேபுக்குப் போகும் படிவத்தில் இருந்தால் ரிப்போர்ட்டின் போக்கே மாறும். அந்த வரியைப் பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை; சொன்னாலும் படிவத்தில் ஏறுவதில்லை.

சாயம் மட்டும் போதாதபோது இம்யூனோ சாயங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் அணுவுக்குள் குறிப்பிட்ட ஒரு புரதம் இருந்தால் பழுப்பாக நிறம் ஏறும். பாக்ஸ்8, டபிள்யூ.டி.1 இரண்டும் ஏறினால் சினைப்பையைச் சேர்ந்த சீரஸ் வகை என்ற பக்கம் சாய்கிறோம். சி.கே.20, சாட்பி2 ஏறினால் பெருங்குடல் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். இவற்றில் பி53 என்ற மரபணுவின் புரதத்தைக் காட்டும் சாயம் தனி ரகம். இயல்பான திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம் தெரியும். எல்லா அணுவும் அடர்ந்த பழுப்பாக இருந்தால் மரபணு கெட்டுவிட்டது என்று பொருள். ஒரு அணுவில்கூட நிறமே இல்லாமல் வெறுமையாக இருந்தாலும் அதே பொருள்தான். ரிப்போர்ட்டில் பி53 “நெகட்டிவ்” என்று படித்துவிட்டு நல்ல செய்தி என்று மகிழ்வது தவறாக முடியலாம். அந்த வெறுமை இயல்பா, கோளாறா என்று பேத்தாலஜிஸ்ட் எழுதிய வரியைத்தான் பார்க்க வேண்டும்.

பி53 இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம், மேற்பரப்புப் புற்றுகளில் சுமார் 70 விழுக்காடாக இருக்கும், வேகமாக வளரும் ஹை கிரேடு சீரஸ் வகை. 2011இல் வெளியான புற்று மரபணு ஆய்வுத் திட்டத்தின் முடிவில், இந்தக் கட்டிகளில் 96 விழுக்காட்டில் பி53 மரபணு கெட்டிருந்தது. அதைவிடப் பெரிய திருப்பம், இந்தப் புற்றில் பெரும்பகுதி சினைப்பையில் பிறப்பதே இல்லை என்பது. பரம்பரை ஆபத்துக்காக முன்கூட்டியே எடுக்கப்பட்ட கருக்குழாய்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2001இல் பார்த்தபோது, அவற்றின் உட்பூச்சில் புற்றின் தொடக்க மாற்றங்கள் தெரிந்தன. பிறகு பாஸ்டனில் குழாயின் விரல் போன்ற முனையை நீளவாக்கில் மெல்லிய துண்டுகளாக வெட்டி முழுவதையும் பார்க்கும் முறை உருவானது. அதுவரை குழாயிலிருந்து ஓரிரு வளையங்களை மட்டும் வெட்டிப் பார்த்து வந்ததால், அந்தச் சின்னஞ்சிறு புள்ளி பல காலம் யார் கண்ணிலும் படவில்லை.

இவ்வளவும் நடக்க, கட்டி முழுதாக லேபுக்குப் போக வேண்டும். பல சிறிய மருத்துவமனைகளில் எடுத்த கட்டியை டப்பாவில் போட்டு வீட்டாரிடமே கொடுத்து லேபில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்கள். அப்போது கவனிக்க வேண்டியவை உண்டு. ஃப்ரோசனுக்கு அல்லாமல் சாதாரண பயாப்ஸிக்கு என்றால், டப்பாவில் ஃபார்மலின் இருக்க வேண்டும். தண்ணீரோ சலைனோ போட்டால் திசு அழுகும். கட்டி திணித்து அடைக்கப்படாமல், அதைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் மிதக்க வேண்டும். டப்பாவின் மூடியில் எழுதினால் போதாது, டப்பாவின் பக்கவாட்டிலேயே பெயர், வயது, எந்தப் பக்கம் என்று எழுதியிருக்க வேண்டும். இன்னொரு லேபிலும் பார்க்கலாமே என்று கட்டியை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி அனுப்புவது பெரும் தவறு. புற்று ஒரு பாதியில் மட்டும் இருந்தால் இரண்டு ரிப்போர்ட்டும் மோதும். உறை கிழிந்திருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் அதே பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கி வேறொருவரிடம் காட்டலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. “சாதாரண நீர்க்கட்டிதாம்மா, டெஸ்டுக்கு அனுப்பலை” என்று சொல்லிச் சுவரைக் குப்பையில் போடுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. அனுப்பும் செலவு, அனுப்பாமல் விட்டதால் வரும் செலவோடு ஒப்பிடவே தகாதது.

மெழுகு பிளாக்கின் ஆயுள் நீளமானது. பல ஆண்டுகள் கழித்தும் அதிலிருந்து மரபணுப் பரிசோதனை செய்யலாம். ஹை கிரேடு சீரஸ் புற்று வந்த பெண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு பி.ஆர்.சி.ஏ.1 அல்லது பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் பிறவியிலேயே கோளாறு இருக்கிறது. அவர்களுக்கு ஓலபாரிப் போன்ற மாத்திரைகள் நல்ல பலன் தருகின்றன. கட்டியில் அந்தக் கோளாறு தெரிந்தால், அது பரம்பரையாக வந்ததா, கட்டிக்குள் மட்டும் ஏற்பட்டதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். பரம்பரை என்றால் அக்கா, தங்கை, மகள் ஆகியோரும் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். கோளாறு உறுதியானவர்களுக்கு, குழந்தைப்பேறு முடிந்த பிறகு, பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள்ளும் குழாயையும் சினைப்பையையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். அப்படி எடுத்தவை வெளிப்பார்வைக்கு முற்றிலும் இயல்பாகவே இருந்தாலும், கடைசித் துண்டு வரை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி லேப் படிவத்தில் ஏன் எடுக்கப்பட்டன என்ற காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டும்.